வாயால் ஓட்டிய ஆறாவது ரீல்

போன மாதம் ஒரு பேசும்படம் பார்க்கப் போனேன். கொட்டகை புதிது. தலைக்கு மேலே மின்விசிறி, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை, நாற்காலிக்கு மெத்தை. படத்துக்கு முடிவு இல்லை என்பதைத் தவிர வேறு ஒரு குறையும் சொல்ல முடியாது. கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடினாள். பட்டென்று விளக்கு எரிந்தது. அரசர் கீதம் கிளம்பியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், பிறகு வெற்றிலை வாங்கப் போனார்கள். அவள் விழுந்தாளா, யாராவது பிடித்தார்களா என்று கேட்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். உட்காரச் சொன்னார், அதற்குக் குறை வைக்கவில்லை.

"அடுத்த ஷோவுக்கு நேரமாயிருச்சுங்க. கடைசிப் பத்து நிமிஷம்தானே? அவ சாகமாட்டாங்கிறது உங்களுக்கே தெரியுமே."

எனக்குத் தெரியாது என்றேன். அவர் சிரித்தார்.

"நீங்களும் இந்தத் தொழில்ல இருந்தவருதானே ஐயா. உங்க காலத்துல எல்லாம் ஒழுங்கா நடந்துச்சாக்கும்?"

நடக்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் கொட்டகையின் ஆண்டு மலரில் போடுவதாகச் சொன்னார். எழுதியிருக்கிறேன். போடுவதானால் கடைசிப் பத்தியை வெட்டாமல் போடட்டும்.

நான் படித்தது கத்தோலிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில். ஏழாம் வகுப்பு முடித்து, இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தேன். பெரிய யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஜாலான் புசார் தெருவுக்குப் பின்னால் இருந்த காலித் திடலில் தகரக் கூரை போட்ட ஒரு பயாஸ்கோப் கொட்டகை எழுந்தது. அந்தக் காலத்துப் படங்கள் ஊமை. காட்சிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுத்து வரும். வருகிறவர்களோ துறைமுகத்து ஆட்கள், முனிசிபல் கூலிகள், சிராங்கூன் ரோட்டு மாட்டுத் தொழுவக்காரர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். என் வாத்தியார்த் தொண்டை அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. பதினான்கு வருடம் ஒரு முக்காலியின் மேல் நின்று கதை சொன்னேன். பிறகு படச்சுருள் அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசி நாள்வரை எல்லாருக்கும் நான் 'வாத்தியார்'தான்.

பயிற்சி என்று பார்த்தால் மூன்று நாள். நான்காம் நாள் தனியாக நின்றேன். அன்றைக்கு மூன்றாவது ரீலுக்குப் பதிலாக நான்காவது ரீல் இயந்திரத்தில் ஏறிவிட்டது. பிறகு மூன்றாவது ஓடியபோது, சுடப்பட்டுச் செத்த மனிதன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் அசரவில்லை. "இவன் செத்தவனுடைய இரட்டைச் சகோதரன்" என்றேன். கூட்டம் ஒத்துக்கொண்டது. படம் முடிந்து போகும்போது ஒருவர் என் கையைப் பிடித்து, அண்ணனைவிடத் தம்பிதான் நன்றாக நடித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கர்வம் வந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் வித்து அந்தக் கர்வம்தான்.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்த அநியாயம் விளங்காது.

படம் வெள்ளிக்கிழமை வரும். ஒரு கதைக்கு ஐந்து அல்லது ஆறு ரீல், ஒவ்வொன்றும் ஒரு தகர டப்பாவில். டப்பாவின் எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. கூடவே கதைச் சுருக்கம் அச்சடித்த தாள் ஒன்று வரும். பிற்பகலில் ஒத்திகை ஓட்டம். ஆபரேட்டர் இயந்திரத்தைக் கையால் சுற்றுவார். நான் திரைக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, வரும் எழுத்தையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் என் தமிழ், ஓரத்தில் எந்த இடத்தில் நிறுத்திப் பேச வேண்டும் என்ற குறிப்பு. மறுநாள் மாலை, திரைத்துணியை வாளித் தண்ணீரால் நனைத்த பிறகு கதவு திறப்பார்கள். குறைந்த டிக்கெட்டுக்காரர்களுக்கு இடம் திரைக்குப் பின்னால். அவர்களுக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும். ஈரத் துணி என்றால்தான் படம் அந்தப் பக்கமும் துலங்கும். பெண்களுக்கு வலப் பக்கத்தில் மூங்கில் தட்டி மறைத்துத் தனி இடம், தனி வாசல். அந்த வாசல் முதல் காட்சிக்கு மட்டும்தான். இரண்டாம் காட்சிக்குப் பெண்கள் வருவதில்லை.

இதற்கெல்லாம் அதிபதி மேனேஜர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துப் புரோட்டஸ்டண்டு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கறுப்புக் கோட்டு, அதன் பையில் வெள்ளிக் கடிகாரம். கோபம் வந்தால் கடிகாரத்தின் மூடியைத் திறந்து மூடுவார். ஒரு 'டக்' என்றால் சீக்கிரம். இரண்டு 'டக்' என்றால் நிறுத்து. எல்லாரையும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார், தண்ணீர் ஊற்றுகிறவரையும். அந்த மரியாதையில் அடி வாங்கியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம், மூன்று காட்சி. நேரம் போதாது. அதற்கு மேனேஜர் கண்டுபிடித்த வழி, கடைசி ரீலை ஓட்டாமல் விட்டுவிடுவது. ஐந்தாவது முடிந்ததும் விளக்கை ஏற்றுவார்கள். நான் முக்காலியில் நின்று மீதிக் கதையை நான்கு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். பின்னால் ஆர்மோனியம் மெல்ல ஒலிக்கும். மணி அடிப்பேன், அரசர் கீதம், கலைந்து போங்கள். இதற்குக் கொட்டகைக்குள் பெயர் 'கடைசி ரீலை வாயால் ஓட்டுவது'. முழுக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு ஆறில் ஒரு பங்கை மறைப்பதற்குப் பெயர் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "நிர்வாகம், மிஸ்டர் அந்தோணி" என்றார்.

அப்படி வாயால் ஓட்டிய ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் படத்துக்கு நோட்டீஸில் நான் வைத்த தமிழ்ப் பெயரை எழுதவே கூசுகிறது. கதை எளிது. வெள்ளைக்காரர் ஊரில் ஒரு விதவை, பிழைக்க வழியில்லாமல், தன் கைக்குழந்தையை ஒரு பணக்கார வீட்டுக்குத் தத்துக் கொடுக்கிறாள். பிறகு அதே வீட்டில் துணி தேய்க்கும் வேலைக்காரியாகச் சேர்கிறாள். பதினைந்து வருடம் மகளின் கவுன்களைத் தேய்த்துக் கொடுக்கிறாள். தான் யார் என்று சொல்வதில்லை. மகளுக்குக் கல்யாணம் வருகிறது. ஐந்தாவது ரீலின் கடைசியில், கோயில் வாசலில் முக்காட்டுத் துணியை நீட்டும்போது தாய் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாள். மகள் சிலை மாதிரி நிற்கிறாள். தாய் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனைப் பார்த்து நடக்கிறாள். ரீல் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அந்த இடம்வரை பார்த்தேன். ஆறாவது ரீலை ஏற்ற ஆபரேட்டர் மீரான் காக்கா குனிந்தபோது 'டக், டக்' என்று கேட்டது. வாயால் ஓட்டப்போகிற ரீலுக்கு இயந்திர விளக்கின் கார்பன் குச்சி எதற்கு எரிய வேண்டும் என்பது மேனேஜரின் கேள்வி. மீதியைக் கதைச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன். தாய் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள் என்பதோடு அது நின்றது. அதற்குக் கீழே, "மற்றவை திரையில் காண்க."

திரையில் காட்டாதவர்கள் தாளில் பார்க்கச் சொல்கிறார்கள், தாள் திரையில் பார்க்கச் சொல்கிறது. நான் நேரே போய், இந்த ஒரு ரீலையாவது ஓட்டிக் காட்டுங்கள் என்று பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. செத்தவனுக்கு இரட்டைச் சகோதரனை உண்டாக்கியவன் நான். ஒரு முடிவை உண்டாக்க முடியாதா?

இங்கே ஞானம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தவர் அவர்தான். காரைக்கால் பக்கத்தவர், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், நாற்பதை நெருங்கிய விதவை. மழை பெய்தால் பெண்களை ரிக்‌ஷாவரைக்கும் குடை பிடித்துக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. அதற்காகக் கொட்டகையில் இரண்டு பெரிய எண்ணெய்க் காகிதக் குடைகள் இருந்தன. கைப்பிடியில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, மேனேஜரின் பொருள் புத்தகத்தில் ஏற்றியிருந்தார்கள்.

எனக்குப் பின்னால் தெரிந்ததை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முடிவை மறைத்து வைக்கும் பழக்கத்தை நான் விட்டு வெகு காலமாகிறது. ஞானம்மாவின் புருஷன் துறைமுகத்தில் வேலை செய்யும்போது இறந்துவிட்டார். கையில் மூன்று வயதுப் பெண், பெயர் பிலோமினா. அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானத் தாய் தந்தையாக நின்றவர்கள், எங்கள் பங்கிலேயே, ஆபீசில் கணக்கு எழுதும் ஒரு கிராணியாரும் அவர் மனைவியும். குழந்தை இல்லாதவர்கள். அவர்கள் பிலோமினாவை எடுத்து வளர்த்தார்கள். பெற்றவள் யார் என்று பெண்ணிடம் சொல்லக் கூடாது என்பது பேச்சு. ஞானம்மா பேச்சை மீறவில்லை. பதினைந்து வருடம் ஞாயிறு பூசையில் இரண்டு வரிசை பின்னால் முழங்காலில் நின்றார். பெண் அவரை 'ஞானம்மாக்கா' என்று கூப்பிட்டது. இப்போது அதற்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஈப்போவில் ஆஸ்பத்திரி வேலை. கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. எங்களில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம், அதன் பிறகு ரயில், அதன் பிறகு ஈப்போ. சொல்வதானால் அதற்குள் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு பிற்பகல் கிராணியார் வீட்டில் பலகாரம் சுடக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஞானம்மா முடிவு செய்திருந்தார்.

முந்தின நாள் சனிக்கிழமை. முதல் காட்சி. டிக்கெட் கிழித்து முடித்தவர் வழக்கமாக வாசலிலேயே நிற்பார். அன்றைக்குக் கதை காதில் விழுந்து தட்டிக்கு உள்ளே வந்து நின்றார். ஐந்தாவது ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. நான் முக்காலியில் ஏறினேன்.

அந்த நான்கு நிமிடம் நான் சொன்னதை இங்கே முழுவதும் எழுதப்போவதில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றேன். வளர்த்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள் என்றேன். தாய் ரயிலில் உட்கார்ந்து, 'நான் வாய் திறந்திருக்கக் கூடாது, கடைசி நாளில் என் மகளின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேன்' என்று சொல்லி அழுதாள் என்றேன். தொண்டையை எங்கே இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. திரைக்குப் பின்னால் ஒரு துறைமுகத்து ஆள் வாய்விட்டு அழுதார். அரசர் கீதத்துக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து நின்றார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அது அபூர்வம்.

நான் வெளியே வந்தபோது ஞானம்மா வாசலில் நின்றார்.

"வாத்தியாரே, இப்ப சொன்னது படத்துல உள்ளதா, நீங்களாச் சொன்னதா?"

ஒரு நிமிடம் இருந்தது எனக்கு. நானாகச் சொன்னது என்று சொல்லியிருக்கலாம்.

"படத்துல உள்ளதுதான்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் தட்டியைச் சாத்தப் போனார்.

மறுநாள் இரண்டாவது ஓலை. பிற்பகல் கிராணியார் வீட்டுக்குப் போனார், மாவு பிசைந்தார், முறுக்குப் பிழிந்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார். அன்று மாலையும் நான் அதே முடிவை மூன்று காட்சிக்கும் சொன்னேன், இன்னும் மெருகு ஏற்றி.

திங்கட்கிழமை கூட்டம் குறைவு, ஆறு ரீலும் ஓடும். ஆறாவது ரீலை நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். ஸ்டேஷன். தாய் ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். ரயில் வருகிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், அவள் எழுந்திருக்கிறாள். கூட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கல்யாண உடை ஒன்று தெரிகிறது. மகள் ஓடி வரவில்லை, நடந்துதான் வருகிறாள். நேரே வந்து, தாயின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைக்கிறாள். எழுத்து வருகிறது, ஒரே ஒரு சொல். 'அம்மா'. ரயில் போய்விடுகிறது, இரண்டு பேரும் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

நான் அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து, "வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுடா" என்று ஒருவன் சொன்னான். சிரித்தார்கள்.

ஞானம்மா உள்ளே வரவில்லை. அவருக்குத்தான் முடிவு தெரியுமே. வெளியே தூறல். கடைசிப் பெண்ணை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டுக் குடையை உதறிக்கொண்டிருந்தார். நான் போய், படத்தின் முடிவு வேறு, அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வருகிறாள் என்றேன்.

"சனிக்கிழமை நான் கேட்டேனே."

"அன்னிக்கு நான் பார்க்கல, ஞானம்மா."

"பார்க்காமயா அவ்வளவு நேரம் சொன்னீங்க?"

குடையை இன்னொரு தரம் உதறினார்.

"இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்புறது? அன்னிக்கும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க."

அதன் பிறகுதான், மேலே நான் எழுதிய பிலோமினா விஷயத்தை, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடித்து, "நான் சொல்றதா இல்லீங்க வாத்தியாரே. புள்ள நல்லபடியாப் போகட்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்மேல்தான் வந்தது. ஒரு பயாஸ்கோப்பைக் கேட்டு இப்படி ஒரு காரியத்தை முடிவு செய்வார்களா? பிறகு அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மனுஷி பதினைந்து வருடம் தேக்கி வைத்த தைரியத்தை நான் நான்கு நிமிடத்தில் கரைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்கு டப்பாக்கள் ஸ்டேஷனுக்குப் போய்விடும். காலை எட்டு மணிக்கு மேனேஜர் முன்னால் நின்றேன். ஆறாவது ரீலை ஒருமுறை ஓட்ட வேண்டும், ஞானம்மா பார்க்க வேண்டும் என்றேன்.

"கார்பன் யார் வீட்டுது, மிஸ்டர் அந்தோணி?"

"படத்துல இல்லாததைச் சொல்லிட்டேன் ஐயா. அதைத் திருத்தணும்."

"நீங்க சொன்னதுக்கு ஜனங்க அழுதாங்க. எவனாவது எந்திரிச்சு இது பொய்னு சொன்னானா?"

"இல்ல."

"அப்ப அதுதான் முடிவு."

டக். டக்.

 அவர் எழுந்து மார்க்கெட்டுப் பக்கம் நோட்டீஸ் பார்க்கப் போனார். நான் மீரான் காக்காவிடம் போனேன். அவர் நாகூர்க்காரர், சிக்கனமாகப் பேசுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார்.

"இயந்திரத்துல ஏத்தக் கூடாதுன்னாரு. கையில சுத்தக் கூடாதுன்னாரா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தைத் திருப்பி அனுப்புமுன் ஒவ்வொரு ரீலையும் கைச்சக்கரத்தில் மெல்லச் சுற்றி, ஓரத்தை விரல் நடுவில் ஓடவிட்டுக் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததாக ஆபரேட்டரும் நானும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜரே எழுதி ஒட்டிய விதி. இயந்திர அறைக்குள் பெண்கள் வரக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதிதான். கைச்சக்கரப் பலகை அறைக்கு வெளியே வரக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை. இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பெண்கள் பக்கத்து ஜன்னலடியில் வைத்தோம். நல்ல வெயில். ஞானம்மாவை வரச்சொல்லி, நான் அகராதி பார்க்க வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

சுருளில் ஒவ்வொரு படமும் தபால் தலை அளவுதான். மீரான் காக்கா ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

"எல்லாம் ஒரே படமால்ல இருக்கு" என்றார் ஞானம்மா.

"அப்படித்தான் இருக்கும்மா. கையை மட்டும் பாருங்க" என்றார் காக்கா.

கையைப் பார்த்தார். மூட்டையைப் பிடித்த கை. அடுத்த படத்திலும் அதே கை. அடுத்ததிலும். ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்து, பெரிதாகி, உடையாகி, பெண்ணாகிக்கொண்டிருந்தது. திரையில் அரை நிமிடத்தில் நடந்ததை அவர் கால் மணி நேரமாகப் பார்த்தார். அப்போது பின்னால் செருப்புச் சத்தம். மேனேஜர். எங்கள் மூவரையும் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தை எடுத்தார். டக். டக்.

ஞானம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க ஐயா. புள்ள இன்னும் வந்து சேரல."

எத்தனையோ வருடம் அந்த மனிதரோடு வேலை செய்தேன். அவர் கடிகாரத்தை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது அந்த ஒரு நாள்தான். மகளின் கை மூட்டையின்மேல் வந்தது. பிறகு எழுத்து. "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். 'அம்மா' என்றேன். "எந்த இடத்துல?" ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன். சரிபார்ப்பதுபோல மூன்று தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

டப்பாக்கள் பன்னிரண்டு மணி வண்டிக்குப் போயின. கிழிசல் இல்லை என்று சீட்டில் கையெழுத்துப் போட்டோம். அது பொய்யில்லை. பலகையை இடம் மாற்றிய குற்றத்துக்காக எனக்கு ஒரு மாதம் திரைக்குப் பின்னால் நின்று கதை சொல்லும்படி உத்தரவு. ஒரு மாதம் எல்லாவற்றையும் இடம் வலமாகப் பார்த்தேன். அந்த நிர்வாகத்தைப் பார்க்கச் சரியான இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஞானம்மா கிராணியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பிலோமினா கேட்டுவிட்டு எழுந்ததாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாம். கிராணியார் மனைவி அதோடு கோயிலில் முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு ஞானம்மா கடைசி வரிசையில் நின்றார். டேங்க் ரோடு ஸ்டேஷனில் பெண் ரயில் ஏறியபோது தூணுக்கு இந்தப் பக்கம் நின்றார். யாரும் நடந்து வந்து அவர் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. நான் சனிக்கிழமை சொன்ன பொய் முடிவு அப்படியே நடந்தது. ஞானம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எட்டு மாதம் டிக்கெட் கிழித்தார், குடை பிடித்தார்.

எட்டு மாதம் கழித்து ஈப்போ முத்திரையோடு கொட்டகை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஞானம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பிற்பகலில், ஒத்திகை முடிந்ததும், என் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படிங்க. விடாமப் படிங்க."

இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கக் கோபம். ஏன் கொடுத்தீர்கள், ஏன் சொன்னீர்கள், சொல்வதானால் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, நான் இப்போது யாரை என்னவென்று கூப்பிடுவது. அத்தனை வருடத் தொழில் பழக்கம் என் நாக்கை இழுத்தது. இந்த வரியைத் தாண்டிவிடலாம், அந்தச் சொல்லைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லலாம், நான்கு நிமிடத்தில் நல்லபடியாக முடித்துவிடலாம். முடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தேன். ஞானம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் தனக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது, அடுப்புப் பக்கம் நின்றால் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு வரி விட்டு, கையெழுத்துக்கு மேலே, "இங்கே மழை அதிகம். வரும்போது குடை எடுத்துக்கொண்டு வரவும்."

ஞானம்மா நிமிர்ந்தார்.

"அது எழுதியிருக்கா, நீங்களாச் சொல்றதா?"

எழுதியிருக்கிறது என்றேன்.

"எந்த இடத்துல?"

அவர் விரலைப் பிடித்து அந்த வரியின் முதல் எழுத்தில் வைத்தேன். கடைசி எழுத்துவரை அவராகவே நகர்த்திக்கொண்டு போனார்.

அந்த வாரம் ஞானம்மா வேலையை விட்டு ஈப்போ ரயில் ஏறினார். எண்ணெய்க் காகிதக் குடை, எண் இரண்டு, பெண்கள் வாசல், காணவில்லை என்று மேனேஜர் தேவசகாயம் பொருள் புத்தகத்தில் எழுதி, விசாரித்துப் பதில் தரும்படி என் மேசைக்கு அனுப்பினார். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.